வேலந்தாவளத்துச் சேம்பர் மாரப்பன்

தகரம் எங்கே கண்ணில் பட்டாலும், மாரப்பன் அதை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் அப்பால் நகர்வார். சந்தையில் தவிட்டு வியாபாரியின் அளவுப்படியாக இருக்கலாம்; எல்லைச் சாவடிக்காரர்கள் புதிதாக நட்டிருக்கும் அறிவிப்புப் பலகையாக இருக்கலாம்; கல்யாணப் பந்தியின் சாம்பார் வாளியாகவும் இருக்கலாம். ஒருமுறை சம்பந்தி வீட்டு விருந்தில், பரிமாற வந்தவரின் கையிலிருந்த வாளியை அவர் தட்டிக் கேட்டபோது பந்தி முழுவதும் கையை இலையில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. "சாம்பாரு எப்பிடீன்னு இன்னிந் தெரீலைங்க. வாளி நல்ல வாளி" என்று சொல்லிவிட்டு அவர் இலையை நோக்கிக் குனிந்தார். அவர் மனைவி கமலாத்தாள் அந்த விருந்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டாவது அடையாளம் அவருடைய வேட்டி. பட்டறைக்காரர் என்றால் கரியேறிய காக்கி நிஜாரைத்தான் நாம் எதிர்பார்ப்போம். மாரப்பனோ சலவை வேட்டியும் வெள்ளை அரைக்கைச் சட்டையுமாகத்தான் உலைக்கு முன் நிற்பார். வண்டிக்கு அடியில் புகவேண்டுமானால் சாக்கை விரித்துப் படுத்து, முழங்கை வரை மட்டும் அழுக்காகி வெளியே வருவார். "அழுக்குக் கையில இருந்தா கையி வேல செஞ்சிருக்குதுன்னு அர்த்தம். துணியில இருந்தா, வேல தெரியாம ஒடம்பு பொரண்டிருக்குதுன்னு அர்த்தம்" என்பது அவர் கட்சி. கிணற்றடியில் வேட்டி துவைக்கும் கமலாத்தாளுக்கும் இந்தக் கட்சியில் உடன்பாடு உண்டு.

மனிதர்களையும் அவர் தகட்டை வைத்தே அளப்பார். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு, "மேல பாலீசு, தட்டிப் பாத்தா சத்தம் வல்ல" என்றார். தம்மைத் தாமே எப்படி மதிப்பிடுகிறார் என்று ஒருவர் கேட்டுவிட்டார். சிறிதும் கூச்சமின்றி, "ஒண்ணாம் நம்பர் சீமத் தகடுங்க" என்றார். அடக்கம் என்பது அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பட்டறை, வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கும் கோயமுத்தூர்ச் சாலைக்கும் நடுவே இருக்கிறது. மாநிலங்களைப் பிரித்தபோது எல்லைக்கோடு அவருடைய வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து விழுந்தது. சந்தைக்கு வரும் மாட்டில் பாதி சென்னை ராஜ்யத்து மாடு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கேரளத்தவர். "தகரத்துக்கு எந்தச் சர்க்காருங்க? ரெண்டு பக்கமும் துருதான் புடிக்குது" என்று அவர் அந்தப் பெரிய விஷயத்தை முடித்துவிட்டார். பால் கேன், எண்ணெய் டின், லாரியின் மட்கார்டு, பெட்ரோல் டாங்க்கு என்று தகட்டால் ஆன எதுவும் அந்தப் பட்டறையில் பிறக்கும். பழுதாகி வந்தால் பிழைக்கும். ஆனால் 'சேம்பர் மாரப்பன்' என்ற பெயர் அவருக்கு வந்தது ஒரே ஒரு தொட்டியால். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தகரத் தொட்டியைத்தான் பட்டறைகளில் சேம்பர் என்கிறார்கள்.

அந்தத் தொட்டியைத் தேடிவந்தவர் பாஸ்கல். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவர். தோட்டத்துக்குப் பால்மாடு வாங்கச் சந்தைக்கு வந்தபோது லாரியின் டாங்க்கு ஒழுகியது. மாரப்பன் அதை அடைத்த விதத்தை அருகே நின்று பார்த்தார். மறு சந்தைக்கு அவர் வந்தபோது, லாரியின் முதுகில் ஒரு பழைய சீமைக் காரும், அதன் அருகே கயிற்றால் பிணைத்த ஒரு டீசல் எஞ்சினும் இருந்தன.

கார் தோட்டத்துத் துரையுடையது. அவர் தம் தேசத்துக்குப் புறப்படுகையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்களின் உபயோகத்துக்கென்று சொல்லி அதைப் பாஸ்கல் பொறுப்பில் விட்டுப்போனார். பின் இருக்கையில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கக்கூடிய அகலமான வண்டி. ஆனால் ஒரு மார்கழிப் பனியில் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து, இரும்பே பிளந்துபோயிருந்தது. எங்கோ கவிழ்ந்த லாரியொன்றின் டீசல் எஞ்சினைத் தோட்டம் கொடுத்தது. புதிதாக வந்த மானேஜர் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். மழைக்காலத்துக்கு முன் கார் ஓடினால் ஷெட்டில் நிற்கலாம். ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும்.

"எனக்கு இந்தக் கார் ஓடியாகணும், அண்ணாச்சி" என்றார் பாஸ்கல். "எங்க ஊருல சீக்காளின்னா கம்பளியில கட்டி நாலு பேர் தோள்ல தூக்கிட்டு எறங்குதோம். போன மழையில எம் பொண்டாட்டி கத்தரீனாளையும் அப்படித்தான் தூக்கிட்டுப் போனோம். பிரசவ வலி. பாதி வழியில மழை. அவ பொழச்சிட்டா. பிள்ளை பொழைக்கல."

மாரப்பன் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தார். நெடுநேரம் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. வெளியே வந்தவர் சொன்னார்: "காரும் நல்ல காரு. எஞ்சினும் நல்ல எஞ்சினு. நடுவுல இந்தச் சேம்பருதான் ரெண்டு ஊட்டுக்கும் சண்ட மூட்டுது."

சண்டை இதுதான். டீசல் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு வயிறு முன்பக்கம் இருந்தது. காரிலோ சரியாக அந்த இடத்தில்தான் முன் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு உத்திரம் குறுக்கே ஓடியது. எஞ்சினை உயர்த்தி வைத்தால் மேல்மூடி சாத்தாது. உத்திரத்தை அறுத்தால் சக்கரம் நிற்காது. கோயமுத்தூரில் பாஸ்கல் ஏறி இறங்கிய பட்டறைகளெல்லாம் கையை விரித்துவிட்டன. மாரப்பன் கையை விரிக்கவில்லை. "வயித்தைப் பொறத்தால தள்ளி வெச்சுட்டாப் போச்சு" என்றார்.

சொல்வது எளிது. பழைய தொட்டியின் விளிம்பை மட்டும், ஆணித்துளைகள் அத்தனையும் அப்படியே இருக்குமாறு வளையமாக அறுத்தெடுத்தார். நெருப்பின் சூட்டில் அது முறுக்கிக்கொள்ளாமலிருக்க, கனத்த இரும்புப் பலகையொன்றில் வைத்துத் திருகி இறுக்கினார். புதிய வயிற்றுக்கு, கழித்துப் போட்ட லாரியொன்றின் கூரைத் தகட்டை எடுத்தார். நல்ல வேலை வரட்டும் என்று வெகுநாளாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த தகடு அது. கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியால், மணல்மூட்டைமேல் வைத்து, அதட்டாமல் கொஞ்சிக் கொஞ்சி அடித்தார். முன்பாதி சப்பையாகவும் பின்பாதி குண்டாகவும் தகடு மெல்லத் திரண்டது. ஓரிடத்தில் பற்றவைத்தால் அடுத்த பொட்டை எதிர்மூலையில் வைப்பார். ஒரே பக்கம் சூடேறினால் தகடு கோணிவிடும். எண்ணெயை உறிஞ்சும் குழாயை நீட்டி, அதன் வாயைப் பின்வயிற்றின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். வெளிப்புறம் முழுதும் சாக்கட்டியைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி மறுநாள் வரை வைத்தார். சாக்கட்டியில் ஓர் ஈரப்பொட்டுக்கூடத் தெரியவில்லை.

எஞ்சின் காருக்குள் இறங்கி உட்கார்ந்தது. மேல்மூடி சாத்திக்கொண்டது. உத்திரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே மாரப்பன் தம் உள்ளங்கையைச் செருகி எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். மாட்டுத் தரகர் குப்பண்ணன் முதற்கொண்டு சந்தையே கைதட்டியது. "கோயமுத்தூருல எவனாச்சும் சேம்பருன்னு சொன்னா, வேலந்தாவளத்துக்குப் போகச் சொல்லுங்க!" என்று மாரப்பன் முழங்கினார். பாஸ்கல் காரை ஓட்டிக்கொண்டே மலையேறிப் போனார்.

அடுத்த சந்தைக்கு அவர் வந்தது காரில் அல்ல, லாரியில். பின்னால் மாடு கட்டும் இடத்தில், வைக்கோலின்மேல் அந்தத் தொட்டி கிடந்தது.

"ஏறுதப்போ பாட்டுப் பாடிக்கிட்டு ஏறுச்சு, அண்ணாச்சி. லயமே வந்து பாத்துச்சு. மறுநாள் வெறும் வண்டியா ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் பாப்போம்னு எறக்கத்துல விட்டேன். ரெண்டாவது வளைவுல, எண்ணெய் ஓட்டத்தைக் காட்டுத முள்ளு சரசரன்னு கீழ விழுந்துட்டு. உள்ள டக்கு டக்குன்னு அடிக்கிது. உடனே எஞ்சினை அமத்தி ஓரமா ஒதுக்கிட்டேன். அதனால பேரிங்கோட போச்சு, அதை மாத்திக்கிடலாம். ஆனா குச்சியை விட்டுப் பாத்தா எண்ணெய் அளவு சரியா இருக்கு! ஒரு சொட்டு வெளிய போகல."

மாரப்பனுடைய முகம் கறுத்தது. கோபம் வந்தால் அவர் பேச்சிலிருந்து 'ங்க' உதிர்ந்துவிடும். "என்ர சேம்பர்ல குத்தமில்ல. எண்ண உள்ளதான இருக்குது? நீ எறக்கத்துல கண்ணு மண்ணு தெரியாம விட்டிருப்பே."

பாஸ்கல் குரலை உயர்த்தவில்லை. "மானேஜரும் அதையேதான் சொல்லுதாரு அண்ணாச்சி. டிரைவர் எஞ்சினைக் கெடுத்துட்டான்னு. பரவால்ல. ஆனா ஒண்ணு. சீக்காளி ஏறியா போவான்? எறங்கித்தானே போகணும். ஏறத் தெரிஞ்சு எறங்கத் தெரியாத காரை வச்சு நான் என்ன செய்ய?"

துண்டுக்கடியில் விரல்பிடித்து மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்த குப்பண்ணன், பேரத்தை விட்டுவிட்டு வந்து காதைக் கொடுத்தார். அவருக்கு இது பேரத்தைவிட இனித்தது. "ஏனுங் மாரப்பண்ணா, உங்க சேம்பரு ஏறறப்போ காங்கேயங் காளை, எறங்கறப்போ சேத்துல படுத்த எருமையாமா? நாங்க அப்பிடி மாட்டை வித்தா ஒதைப்பாங்களே!"

சந்தை சிரித்தது. முந்தின வாரம் கைதட்டிய அதே சந்தை. மாரப்பன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போய், அதைத் தட்டினார். ஓசை மணிபோலத்தான் இருந்தது. அதுதான் அவரை மிகவும் துன்புறுத்தியது.

அன்று மாலை கமலாத்தாள் சந்தையில் வாங்கிய புது மாட்டுக்காக வீட்டுப் பின்புறத்துப் பொடக்காணியில் கல்தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தாள். புது மாடு வீட்டுக்குள் வருமுன் அதன் நெற்றிக்கும் குளம்புக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அவ்வூர் வழக்கம். தெளித்தது போக மீதித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றி வைத்தாள். தொட்டி ஒரு கல்லின்மேல் ஆடிக்கொண்டு நிற்பது. மாடு மிரண்டு ஒரு முட்டு முட்டியது. தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஏனுங்க! தொட்டிக்கு முட்டுக்கல்லு வெய்யிங்கன்னு பொங்கலுக்கு மிந்தியிருந்து சொல்றனே, கேட்டீங்களா? ஊருக்கெல்லாம் தொட்டி பண்றீங்க, ஊட்டுத் தொட்டி ஆடுது. பாருங்க, வெள்ளையடிச்சதெல்லாம் பாழாப்போச்சு!"

மாரப்பன் எழுந்து வந்து பார்த்தார். தண்ணீர் அடியில் அமைதியாக, சமமாக நின்றது. ஆனால் தொட்டியின் ஒரு பக்கச் சுவரில் மட்டும், விளிம்பு வரைக்கும், குங்குமம் பூசினாற்போலச் சிவந்திருந்தது. சுண்ணாம்பு மஞ்சளைத் தொட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பிவந்துவிட்டது. போய்வந்த தடம் மட்டும் சுவரில் நின்றது.

அவர் அந்தச் சிவப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். கமலாத்தாள் முதலில் திட்டினாள், பிறகு பயந்தாள். "ஏனுங்க, என்னாச்சு?"

"தண்ணி போய்ட்டு வந்துருச்சு, கமலா. குச்சியை உட்டுப் பாத்தா எங்க தெரியும்?"

பாஸ்கல் இன்னும் லாரியில் மாடு ஏற்றிக்கொண்டிருந்தார். மாரப்பன் சந்தைக்கு ஓடினார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. தொட்டியைப் பாஸ்கலிடமே திருப்பிக் கொடுத்து, செய்யவேண்டியதைச் சொன்னார்: மலைமேல் வைத்து உள்ளே சுண்ணாம்பு பூசவேண்டும். எண்ணெய் நிற்கும் அளவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். மேலே பலகை வைத்துத் திருகி, காரில் எப்படி இருந்ததோ அதே வாகில் லாரியில் கட்டி, அதே இறக்கத்தில் ஓட்டவேண்டும். அடிவாரம் போய்த் திறக்கவேண்டும்.

"எண்ணெய்க்குப் பதிலா மஞ்சத் தண்ணியா, அண்ணாச்சி?" என்றார் பாஸ்கல், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து.

"சூடேறுன எண்ண தண்ணி மாதிரிதானுங்க ஓடும். செஞ்சு பாத்துட்டு வாங்க தம்பி." 'ங்க' திரும்பிவந்துவிட்டதைப் பாஸ்கல் கவனித்துக்கொண்டார்.

மலைமேல் சுண்ணாம்பு பூசியதும் மஞ்சள் அரைத்ததும் கத்தரீனாள்தான். அடுத்த சந்தையன்று தொட்டி மறுபடி வேலந்தாவளம் வந்து, பட்டறை வாசலில் திறந்து வைக்கப்பட்டது. முன்சுவர் மூலைமுதல் விளிம்புவரை செக்கச்செவேலென்று இருந்தது. யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. வண்டியின் மூக்கு தாழ்ந்ததும், பின்வயிற்றில் இருந்த எண்ணெயெல்லாம் முன்னால் ஓடி ஒதுங்கியிருக்கிறது. குழாயின் வாய் வெறுங்காற்றைக் குடித்திருக்கிறது. வண்டி சமதரையில் நின்றதும் எண்ணெய் நல்லபிள்ளைபோலத் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. சமவெளியிலேயே பிறந்து வளர்ந்த மாரப்பன், மலை என்றால் ஏற்றம் என்று மட்டும் நினைத்துவிட்டார். ஏறின வண்டி இறங்கவும் வேண்டும் என்பது அவர் கணக்கில் வரவேயில்லை.

குப்பண்ணனும் மற்றவர்களும் சூழ நிற்க, மாரப்பன் பாஸ்கலைப் பார்த்து, சந்தைக்கே கேட்கும் குரலில் சொன்னார்: "குத்தம் உங்க மேல இல்லீங்க தம்பி. என்ர மேல. இந்தச் செவப்பு சொல்லுது." பெருமையடிக்கும்போது எவ்வளவு சத்தமோ, இதற்கும் அதே சத்தம்.

"அப்போ எருமைதானா?" என்றார் குப்பண்ணன்.

"இந்தச் சேம்பரு எருமைதானப்பா. அடுத்தது காளை. நின்னு பாரு."

அடுத்த தொட்டிக்கு அவர் தகட்டை எடுக்குமுன், குப்பண்ணனுடைய தோட்டத்து வாய்க்காலுக்குப் போய் மடையருகே வெகுநேரம் நின்றார் என்று சொல்கிறார்கள். புதிய தொட்டியில் சப்பை முன்பாதிக்கும் குண்டுப் பின்பாதிக்கும் நடுவே ஒரு குறுக்குச் சுவர் எழுந்தது. அதன் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைக் கதவுகள், கீல் வைத்து. முன்னாலிருந்து எண்ணெய் வந்து முட்டினால் திறந்து வழிவிடும். பின்னாலிருந்து ஓடப்பார்த்தால் அறைந்து சாத்திக்கொள்ளும். "வரலாம், போகக்கூடாது" என்று மாரப்பன் ஒவ்வொரு கதவையும் விரலால் ஆட்டிக் காட்டினார். கமலாத்தாள் எட்டிப் பார்த்து, "ஊட்டுக்கு வார ஒறம்பரைச் சனத்துக்கு இந்தக் கதவை வெச்சிராதீங்க" என்றாள். முட்டுக்கல்லையும் அன்றே வைக்கச் செய்துவிட்டாள்.

இம்முறை தொட்டியை மட்டும் அனுப்ப மாரப்பன் இசையவில்லை. தாமே போவதாகச் சொன்னார். இது சாதாரண முடிவு அல்ல. உயரம் என்றால் அவருக்கு ஆகாது; தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும் என்று கமலாத்தாள் சொல்வாள். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, லாரியில் கண்ணை மூடியபடியே மறையூர் ஏற்றங்களைக் கடந்தார்.

சூரியநெல்லியில் மூடுபனிக்குள் ஷெட் நின்றது. அவர் சாக்கை விரித்தார். தொட்டி ஏறி உட்கார்ந்தது. தக்கைப் பேக்கிங்கின்மேல் ஆணிகள் ஒன்றுமாற்றி ஒன்றாக இறுகின. பேரிங்குகளைப் பாஸ்கல் முன்பே மாற்றி வைத்திருந்தார். லயத்து ஜனங்கள் வாசலில் திரண்டனர். வானம் இருண்டுகொண்டு வந்தது. மழைக்காலத்துக்கு அதிக நாள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மானேஜர் பங்களா வராந்தாவில் நின்றபடியே பார்த்தார்.

எஞ்சின் பிடித்தது. பாஸ்கல் ஸ்டீரிங் வளையத்தின் முன் அமர்ந்தார், மாரப்பன் அருகில். புறப்படும் சமயத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு கத்தரீனாள் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க வார? இன்னும் பாத்து முடிக்கல" என்றார் பாஸ்கல்.

"சீக்காளி இல்லாம என்ன பாக்கப் போறிய? நான்தான் சீக்காளி. ஒரு தடவை கம்பளியில போயிட்டேன். இந்தத் தடவை மெத்தையில போறேன்" என்று சொல்லி, அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். பாஸ்கல் வண்டியை நகர்த்தினார்.

இறக்கம் தொடங்கியது. காரின் மூக்கு தாழ்ந்தது. ஒரு பக்கம் பாறை; மறு பக்கம் ஒன்றுமேயில்லை. மாரப்பன் எலுமிச்சம்பழத்தை ஒரு கையிலும் கதவின் பிடியை மறு கையிலும் பற்றிக்கொண்டு, எண்ணெய் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, அங்கன பாருங்க, கீழ நாடே தெரியுது" என்றார் பாஸ்கல்.

"நீங்க ரோட்டப் பாருங்க. நானு முள்ளப் பாக்கறேன். பள்ளத்த ஆரும் பாக்க வேண்டாம்."

முதல் வளைவு. "முள்ளு நிக்குதுங்க."

பின்னாலிருந்து முனகல் வந்தது: "ஐயோ, டிரைவரே, மெல்லப் போங்க. நான் சீக்காளியில்லா!"

இரண்டாவது வளைவில், தம்மை அறியாமலேயே பாஸ்கலின் கால் பிரேக்கைத் தேடியது. "இங்கனதான் அண்ணாச்சி…"

"நிறுத்தாதீங்க. வெசயாப் போங்க."

கார் பாய்ந்தது. மூக்கு இன்னும் தாழ்ந்தது, பிரேக்கு அழுந்தியது, வளைவு ஒரு பக்கம் தள்ளியது. எண்ணெய்க்கு ஓடிப்போக இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் இனி வாய்க்காது. முள் ஒரு முறை நடுங்கியது. மாரப்பன் அதை நோக்கிக் குனிந்தார். முள் நடுக்கத்தை நிறுத்திக்கொண்டு, ஆணியடித்தாற்போல நின்றது.

"நிக்குது… நிக்குது… அட, நிக்குதுங்க தம்பி!" இப்போது அவர் கத்தவே தொடங்கிவிட்டார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு 'நிக்குது'. இந்தக் கூச்சலுக்கு நடுவே பின் இருக்கையில் முனகல் எப்போது சிரிப்பாக மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று பாஸ்கல் மட்டும் கவனித்தார். போன மழையில் அவளைத் தூக்கிவந்த கம்பளி நின்ற இடத்தை, மழைக்கு ஒதுங்கிய பாறையை, கார் அப்போதுதான் கடந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரனை மட்டும் நீளமாக ஒருமுறை அடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும், கம்பவுண்டர் தூக்குப் படுக்கையோடு ஓடி வந்தார். கத்தரீனாள் கண்ணைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு தானே இறங்கினாள். "எனக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. நல்லா இருக்கேன். இனிமே வருவோம், அதுக்கு வழி பாக்க வந்தோம்" என்றாள். கம்பவுண்டர் காரைப் பார்த்தார்; எலுமிச்சம்பழத்தோடு வெளிறிப்போய், வாயெல்லாம் பல்லாக நிற்கும் வெள்ளை வேட்டிக்காரரைப் பார்த்தார்; இவர்தான் நோயாளி போலும் என்று முடிவுசெய்து படுக்கையை அவர் பக்கம் திருப்பினார்.

திரும்பி ஏறும்போது ஹாரன் ஓயவில்லை. சூரியநெல்லியில் லயத்துக்கு லயம் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். மானேஜர் பங்களாவிலிருந்து இறங்கிவந்து, தம் கையாலேயே ஷெட்டின் கதவைத் திறந்துவிட்டார். பாஸ்கலின் தோளில் தட்டியவர்களில் அவரும் ஒருவர். வேலந்தாவளம் பட்டறைக்கு அன்றுமுதல் மலைக்கார்கள் வருகின்றன. குப்பண்ணனும் இப்போதெல்லாம் மாட்டை விற்கையில், "எறக்கத்துலயும் நிக்கும், மாரப்பண்ணன் சேம்பராட்ட" என்று சேர்த்துக்கொள்கிறார்.

அன்று ஷெட் வாசலில் கத்தரீனாள் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். அகலமான பித்தளைத் தட்டு. அதில் சிவக்கச் சிவக்க மஞ்சள் நீர். காருக்கு மும்முறை சுற்றினாள். பாஸ்கலின் நெற்றியில் பொட்டு வைத்தாள். பிறகு மாரப்பனுக்குமுன் வந்து நின்றாள். அவர் நெற்றியைக் காட்டவில்லை. தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். அதன் ஒரு விளிம்பை மூக்குத் தாழ்ந்த காரைப்போல மெல்லத் தாழ்த்தி, செந்நீர் எந்தப் பக்கம் ஓடி ஒதுங்குகிறது என்று குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். ஜனங்கள் சுற்றிலும் ஆரவாரித்துக்கொண்டிருந்தார்கள். நீர் விளிம்பு தாண்டி, சொட்டுச் சொட்டாக அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்துகொண்டேயிருந்தது.